இந்த மரத்தில் ஒன்றும் இல்லை

படைத்தவனே வந்து ஒளித்துவைத்தாலும் பெஸ்தொராங்கித் தோப்பில் ஓர் ஆந்தை ஒளிந்திருக்க முடியாது என்பது மெய்ராமின் கொள்கை. இதை அவன் பேச்சுவாக்கில் சொல்வதில்லை. கடையில் உப்பு வாங்கும்போது நின்று நிதானமாகச் சொல்வான். கல்யாணப் பந்தியில் சொல்வான். துக்க வீட்டில்கூட, குரலை மட்டும் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு சொல்வான்.

"என் தோப்புக்கு வந்துட்டு ஆந்தை மொகம் பாக்காமத் திரும்பிப் போன விருந்தாளி இன்னிக்கு வரைக்கும் ஒருத்தன் கெடையாது. இனிமே பொறக்கவும் போறதில்ல."

சொல்லிவிட்டு, கேட்டவர்கள் முகத்தில் தகுந்த மரியாதை படரும்வரை காத்திருப்பான். படராவிட்டால் இன்னொரு தடவை சொல்வான்.

தோப்பு அவனுடையது அல்ல. அது ஒரு சின்ன விஷயம். அரசாங்கத்துத் தோப்பு; அரசாங்கம் அதற்கு ஒரு காவலரையும் போட்டிருந்தது. அவர் வாரம் ஒருமுறை வருவார், மெய்ராம் வீட்டில் குதிரைக்கறி சாப்பிடுவார், சாப்பிட்ட பிறகு அவருக்குக் கண் சரியாகத் தெரியாது. கறி செரித்துப் பார்வை திரும்புவதற்குள் அடுத்த வாரம் வந்துவிடும்.

சுற்றிலும் மணல். நடுவில், ஆறு எப்போதோ ஓடி மறந்துபோன தடத்தில், தொராங்கி மரங்கள். ஒரே மரத்தில் கீழ்க்கிளையில் இலை நீளமாகவும் மேல்கிளையில் வட்டமாகவும் இருக்கும். எங்கள் பக்கத்தில் யாராவது வீட்டில் ஒன்றும் வெளியில் ஒன்றும் பேசினால் 'போடா தொராங்கி' என்போம். அந்த மரங்களில் மரங்கொத்திகள் பொந்து குடையும். குடைந்து விட்டுப்போன பொந்தில் ஆந்தை குடியேறும். உள்ளங்கையில் அடங்குகிற ஆந்தை. மரப்பட்டையின் நிறம். பொந்து வாசலில் வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றால், பட்டை கொஞ்சம் புடைத்திருக்கிறது என்றுதான் நினைப்போம். தான் இருப்பது யாருக்கும் தெரியக் கூடாது என்பதுதான் அதற்கு வாழ்க்கையில் இருக்கும் ஒரே ஆசை. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் அல்மாட்டியிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஆட்கள் தூக்க முடியாத கேமராக்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மெய்ராம் முன்பு லாரியில் ஆடு ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுபோனவன். இப்போது அதே பாதையில் பறவை பார்க்கிறவர்களை ஏற்றிக்கொண்டு வந்தான். ஆடுகள் வழியில் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை என்பது அவன் மனைவி ஜிபெக்கின் அபிப்பிராயம்.

அவனுடைய வித்தை எல்லாம் ஒரு கட்டையில் இருந்தது. சக்சவூல் என்கிற பாலைவன மரத்தின் கட்டை, இரும்பு மாதிரி கனக்கும். விருந்தாளிகளைக் கேமராவோடு நிறுத்திவைத்துவிட்டு, மரத்தின் அடியிலிருந்து மேல்நோக்கி அந்தக் கட்டையால் பட்டையைச் சுரண்டுவான். காட்டுப்பூனை நகத்தை ஊன்றி ஏறுகிற சத்தம் அப்படியே வரும். உள்ளே முட்டையோ குஞ்சோ வைத்திருக்கிற தாய்க்கு அந்தச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது. எட்டிப் பார்க்கும். கேமராக்கள் ஆலங்கட்டி மழை மாதிரிச் சடசடக்கும். மெய்ராம் இதற்குக் 'கதவு தட்டுறது' என்று பெயர் வைத்திருந்தான். ஒரு வீட்டுக்குப் போனால் கதவைத் தட்டுவதில் என்ன தவறு இருக்கிறது?

அவன் பக்கத்திலும் நியாயம் இருந்தது என்று சொல்ல வேண்டும். வந்தவனுக்கு ஆட்டுத்தலை வைக்காமல் அனுப்புகிறவனை எங்கள் ஊரில் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. தலையை முழுசாக வேகவைத்து, மூக்கு விருந்தாளியைப் பார்க்கிற மாதிரித் தட்டில் வைத்துக் கொண்டுவர வேண்டும். மெய்ராம் அந்த மரியாதையைத் தோப்புவரைக்கும் நீட்டினான். பகலில் ஆந்தைத் தலை, சாயங்காலம் ஆட்டுத் தலை.

இந்தத் தொழிலில் அவனுக்கு ஒரே ஓர் எரிச்சல் சல்தனத். ஆறு இப்போது ஓடுகிற இடத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ரொட்டிக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும் ஒரு பழைய வேனில், அவளும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவாள். ஐம்பது தாண்டியவள். வாய் நீளம். ஆனால் ஆந்தை குஞ்சு பொரிக்கிற காலத்தில் அவள் செய்கிற காரியம் மெய்ராம் கணக்கில் தொழில் துரோகம். பொந்து இருக்கிற மரத்துக்கு எட்டத்தில் வந்து, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். பிளாஸ்கைத் திறப்பாள். தேநீரை ஊற்றுவாள். வானத்தைப் பார்ப்பாள். "இந்த மரத்துல ஒண்ணும் இல்ல" என்பாள். அவள் தலைக்குப் பின்னால் ஆந்தை உட்கார்ந்திருக்கும். கூட வந்தவர்களை அப்படியே திருப்பிக்கொண்டுபோய்ச் சிட்டுக்குருவிகளையும் புறாக்களையும் காட்டுவாள். அவர்களும் அந்தப் புறாக்களைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போய்விடுவார்கள். அதுதான் மெய்ராமால் தாங்க முடியாதது.

அண்ணன் மகன் கல்யாணத்தில் அவன் அவளை நடித்துக் காட்டினான். யாருடைய முக்காட்டையோ வாங்கித் தலையில் போட்டுக்கொண்டான். பந்தல் கம்பத்துக்கு முதுகைக் காட்டி நின்றான். பிளாஸ்கைத் திறந்து, ஊற்றி, வானத்தைப் பார்த்து, "இந்தக் கல்யாணத்துல பொண்ணு இல்ல" என்றான். மணப்பெண்ணுக்கே புரையேறியது. ஒரு கிழவர் சிரித்த சிரிப்பில் பல்செட்டு தட்டில் விழுந்தது.

சல்தனத் அதே பந்தியில்தான் உட்கார்ந்திருந்தாள். மாவுருண்டையைத் தேநீரில் நனைத்துத் தின்று முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"நல்லா நடிக்கிற மெய்ராமு. தட்டுறதும் நல்லாத்தான் தட்டுற. புள்ள பெத்துப் படுத்திருக்கிறவ வீட்டுக் கதவ ஒரு நாளைக்கு எத்தன வாட்டி தட்டலாம்னு மட்டும் உங்கம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்க."

சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. மெய்ராமின் கொள்கை குறையவில்லை.

அந்த வருஷம் ஜூன் மாதத்தில் தோப்பு சந்தைக்கடை ஆனது. காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒன்று, வெயில் தாழ்ந்த பிறகு ஒன்று. பறவைகள் மீது உயிரையே வைத்திருக்கிறவர்கள் என்று அவர்கள் எல்லோருமே சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு ஜிபெக் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வருவாள். ஈரத் துடைப்பான்கள், மீன் டப்பாக்கள், பல்பட்ட தொத்திறைச்சித் தோல், குடித்துப் பாதி விட்ட புட்டி, ஒரு புதருக்குப் பின்னால் யாரோ காலைக்கடன் கழித்து, இயற்கையைப் பாதுகாக்கச் சொல்லும் துண்டுப்பிரசுரத்தால் மூடிவைத்துவிட்டுப் போனது. அதன்மேல் ஈக்கள். பொந்துக்குக் குறுக்கே இருந்த கிளையை யாரோ வெளிச்சத்துக்காக ஒடித்துப் போட்டிருந்தார்கள். அதுவரை நிழலில் இருந்த பொந்தின் வாய்க்குள் இப்போது வெயில் நேராக விழுந்தது. ஜிபெக் குச்சியால் குத்தி எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டே நடப்பாள். சாக்கு நாறும். அவள் கையும் நாறும். அந்தக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் மாவு பிசைய உட்காருவாள்.

ஆந்தையின் முகத்திலும் ஒரு மாறுதல் இருந்தது. முன்பெல்லாம் கட்டை பட்டதும் முழு முகமும் வாசலுக்கு வரும். பிறகு பாதி முகம் வந்தது. பிறகு ஒரு கண் மட்டும். அதுவும் ஏதோ கடன்காரனைப் பார்க்கிற மாதிரி.

"அவ தூங்குறதே இல்லங்க. ராத்திரி வேட்ட, பகல்ல நீங்க" என்றாள் ஜிபெக்.

பகலில் ஆந்தை விழித்திருப்பது விருந்தாளிகளுக்கு நல்லதுதானே என்று மெய்ராம் பதில் சொன்னான். பழகிவிட்டது, அதனால்தான் முழுசாக வர மெனக்கெடுவதில்லை என்பது அவன் கண்டுபிடிப்பு. உள்ளே குஞ்சுகள் பொரித்திருந்தன. மரத்தில் காதை வைத்தால், அடுப்பில் பால் பொங்கப்போகிற மாதிரி ஒரு சீற்றம் கேட்கும்.

அப்போதுதான் துலேகென் வந்தார். அல்மாட்டியில் குளியலறை ஓடு விற்கிற பெரிய மனிதர். பறவைப் படம் எடுப்பவர்கள் சங்கத்துக்குத் தலைவர். மூன்று வெள்ளை ஜீப்புகள். முதல் ஜீப்பின் கதவில் 'இயற்கையின் நண்பன்' என்று பச்சை எழுத்தில் எழுதியிருந்தது. கேமராவிலிருந்து தொப்பிவரை இலைப்படம் போட்ட துணி சுற்றியிருந்தார்கள். அந்த இலை எங்கள் பாலைவனத்தில் எந்த மரத்திலும் கிடையாது.

துலேகென் இறங்கியதும் ஒரு சிறு உரை ஆற்றினார். பறவைகள் நம் பிள்ளைகள் என்றார். இந்தத் தோப்பு நம் பாட்டன் சொத்து என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அவருடைய ஆட்களில் ஒருவன் பாட்டன் சொத்தின் மீது திரும்பி நின்று சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தான்.

மெய்ராம் கட்டையை எடுத்தான். சுரண்டினான். ஒரு கண் வந்தது. துலேகென் சூரியனை ஒரு மேகத்துணுக்கு மறைத்துவிட்டது என்றார். மறுபடி சுரண்டினான். கண் வந்தது. துலேகென் கேமராவில் லென்ஸை மாற்றிக்கொண்டிருந்தார். மறுபடி. அப்போது ஒருவன் தும்மினான். அதற்கு மேல் எத்தனை சுரண்டினாலும் பொந்து வெறும் இருட்டாகவே இருந்தது. உள்ளே பால் பொங்குகிற சத்தமும் நின்றுபோயிருந்தது.

துலேகென் கேமராவை இறக்கினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மெய்ராம் தப்பித்திருப்பான். அவர் வருத்தப்பட்டார்.

"தம்பி, விடியறதுக்கு முன்ன கெளம்பி வந்திருக்கோம். உன் பேரக் கேட்டுத்தான் வந்தோம். உன் வீட்டுக்கு வந்துட்டு வெறுங்கையோடவா போகணும்?"

எங்கள் ஊர்க்காரன் ஒருவனை இதைவிடக் கூர்மையான இடத்தில் குத்த முடியாது. மெய்ராமுக்குக் காது மடல் சிவந்தது. கட்டையை ஓங்கி மரத்தில் அடித்தான். அடித்தான். துலேகெனின் ஆள் ஒருவன், முரட்டு பூட்ஸ் போட்டவன், உதவிக்கு வந்து மரத்தை உதைத்தான். வேண்டாம் என்று சொல்ல மெய்ராம் வாயைத் திறந்தான். விருந்தாளியைத் தடுக்கக் கூடாது என்று மூடிக்கொண்டான்.

நாலாவது உதையோ ஐந்தாவதோ, பொந்திலிருந்து ஏதோ ஒன்று வீசியெறிந்த செருப்பு மாதிரி வெளியே வந்தது. நல்ல வெயில். ஒளிந்திருப்பதற்கென்றே படைக்கப்பட்ட பறவை எல்லோர் கண்ணெதிரிலும் நடு வானத்தில் இருந்தது. எங்கிருந்தோ கறுப்பு வெள்ளை மாக்பைக் காக்கைகள் இரண்டு கத்திக்கொண்டு துரத்தின. ஆந்தை மரங்கள் தெரிகிற பக்கமாகத் திரும்பியது. அங்கே மரங்கள் இல்லை. ஜீப்பின் முன்கண்ணாடியில் மரங்கள் தெரிந்தன. 'டப்' என்று ஒரு சத்தம். ரொம்பச் சின்னச் சத்தம். கடவுளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி.

அது 'இயற்கையின் நண்பன்' கதவுக்குக் கீழே மணலில் கிடந்தது. ஒரு கால் ஒருமுறை நீண்டு மடங்கியது.

துலேகென்தான் முதலில் குனிந்தார். எவ்வளவு கொழுத்த மனிதராக இருந்தாலும் உள்ளே ஒரு ஈரம் இருக்கும் என்று மெய்ராம் அந்தக் கணத்தில் நினைத்தான்.

"எறகு கலையல" என்றார் துலேகென். "தம்பி, வெறைக்கிறதுக்கு முன்னாடி இத அந்தக் கெளையில உக்கார வைக்க முடியுமா?"

மெய்ராம் முடியாது என்றா சொன்னான்? தலையை விருந்தாளி பக்கம் திருப்பிவைப்பது அவன் தொழில். ஒருவன் மீன்பிடி நரம்பு கொடுத்தான். மெய்ராம் ஆந்தையின் இரண்டு கால்களையும் கிளையோடு சேர்த்துக் கட்டினான். உடம்பு இன்னும் சூடாக இருந்தது. தலை தொங்கியது, பின்னால் ஒரு குச்சியை முட்டுக் கொடுத்தான். ஒடித்துப்போட்ட கிளையைத் தூக்கிப் பின்னணிக்குப் பிடித்துக்கொண்டான் ஒருவன். துலேகென் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கண்ணு தொறந்திருந்தா உசுரா இருக்கும்."

மெய்ராம் கட்டைவிரலால் கண்ணைத் திறந்துவிட்டான்.

ஆலங்கட்டி மழை சடசடத்தது. இவ்வளவு பொறுமையாக நின்று கொடுத்த ஆந்தையை இதுவரை பார்த்ததில்லை என்று ஒருவன் பாராட்டினான். படம் எடுத்து முடிந்ததும் எல்லோரும் கேமராவின் பின்பக்கத்தில் தலைகளை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள். கிளையில் இருந்ததை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மெய்ராம்தான் நரம்பை அறுத்து இறக்கினான். கட்டையால் மணலைக் கிளறி உள்ளே வைத்து மூடினான். மூடிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு மீன் டப்பா கிடந்தது.

அன்றைக்கும் எந்த விருந்தாளியும் ஆந்தை முகம் பார்க்காமல் போகவில்லை. கொள்கை நின்றது.

சாயங்கால விருந்தைத் தோப்பிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் துலேகென். அவருக்கு இயற்கை பிடிக்கும். மரங்களுக்கு நடுவே கம்பளம் விரித்தார்கள். வெட்டக் கூடாத சக்சவூலை வெட்டிக் கொண்டுவந்து நெருப்பு வைத்தார்கள். ஜீப்பின் கதவுகளைத் திறந்துவைத்து உள்ளிருந்து பாட்டை அலறவிட்டார்கள். காவலரும் வந்து, முதல் துண்டு வாயில் வைத்த உடனே பார்வை இழந்தார்.

ஜிபெக் ஆட்டுத்தலையைக் கொண்டுவந்து, மூக்கு துலேகென் பக்கம் பார்க்க வைத்தாள். துலேகென் இரண்டு கைகளையும் ஏந்தி ஆசி சொன்னார். இந்த வீட்டில் விருந்து குறையாதிருக்கட்டும், இந்தத் தோப்பில் குஞ்சு குறையாதிருக்கட்டும் என்றார். எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். மெய்ராமும் தடவிக்கொண்டான். விரலில் இறகு வாசனை அடித்தது.

துலேகென் கன்னச் சதையை அறுத்துப் பெரியவர்களுக்குக் கொடுத்தார். அப்புறம் ஆட்டின் காதை அறுத்து, மெய்ராமை நோக்கி நீட்டினார். காதைச் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் கொடுப்பது. சொன்ன பேச்சைக் கேட்டு வளரட்டும் என்று.

"இந்தா தம்பி. சொன்னதச் சொன்னபடி கேக்குற புள்ள நீ."

கூட்டம் சிரித்தது. தலை நரைக்கத் தொடங்கிய மெய்ராம் அந்தக் காதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வாங்காமல் இருக்க முடியாது. அதே நேரத்தில் ஒரு கைப்பேசி கைமாறிக் கைமாறி அவனிடம் வந்தது. படம் ஊரெல்லாம் போய்விட்டது. 'தாய்மையின் பார்வை' என்று துலேகென் தலைப்பு வைத்திருந்தார். கீழே ஆயிரக்கணக்கான இதயங்கள். என்ன உயிர்ப்பு, என்ன உயிர்ப்பு என்று ஆட்கள் எழுதியிருந்தார்கள். தான் கட்டைவிரலால் திறந்த கண் தன்னையே பார்ப்பதை மெய்ராம் பார்த்தான். ஒரு கையில் அந்த முகம். இன்னொரு கையில் வெந்த காது, மடலில் பொசுங்கிய மயிரோடு. கைப்பேசியைக் கம்பளத்தில் வைத்தான். எழுந்து இருட்டுப் பக்கம் நடந்தான்.

கால் பழக்கத்தில் அந்த மரத்துக்கே கொண்டுபோய் விட்டது. குனிந்து வாந்தி எடுத்தான். நிமிர்ந்தபோது, பாட்டின் இரைச்சலுக்கு இடையில், பால் பொங்குகிற சத்தம் கேட்டது. மேலே பொந்திலிருந்து. மெலிந்த சத்தம்.

"அண்ணாந்து பாருங்க" என்றாள் ஜிபெக். சாக்கோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

பக்கத்து மரத்தில் பட்டை கொஞ்சம் புடைத்திருந்தது. தகப்பன். வாயில் ஒரு பெரிய விட்டில், இறக்கை இன்னும் துடித்துக்கொண்டு. அது ஒரு முழம் பறந்து வந்தது. அங்கே கம்பளத்தில் யாரோ விறகைத் தள்ளினார்கள்; தீ குப்பென்று எழும்பியது. அது திரும்பிப்போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தது.

"இருட்டினதுலேர்ந்து இப்படித்தான். வர்றான், வெளிச்சத்தப் பாத்துட்டுப் போறான். இன்னிக்குப் பசியோட கெடந்தா நாளைக்கு உள்ள சத்தம் இருக்காது."

"விருந்தாளிய எந்திரிச்சுப் போன்னு எப்படிச் சொல்றது ஜிபெக்?" என்றான் மெய்ராம். "நம்ம வழக்கமா அது? ஊரு காறித் துப்பாதா?"

ஜிபெக் சாக்கைக் கீழே வைத்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல. பேசுவதற்கு நேரம் இருந்ததில்லை.

"நம்ம ஆட்ட அறுத்து வச்சா அது விருந்து. அடுத்தவன் புள்ளயப் பிடிச்சு அறுத்து வச்சா அதுக்குப் பேரு விருந்தா? இந்தத் தோப்புல வீட்டுக்காரன் அதோ உக்காந்திருக்கான், வாயில சோத்தோட. நீங்க, நானு, அந்தத் தொந்திக்காரரு, எல்லாரும் இங்க வந்து போற விருந்தாளிங்கதான். வீட்டுக்காரன வாசல்ல நிக்க வச்சுட்டு உள்ள உக்காந்து திங்கிற விருந்தாளியத்தான் ஊரு காறித் துப்பணும்."

மெய்ராம் கையிலிருந்த காதைப் பார்த்தான். சாக்கைத் திறந்து, ஈரத் துடைப்பான்களோடு அதையும் போட்டான்.

கம்பளத்துக்குத் திரும்பிப் போனபோது அவன் முகம் அமைதியாக இருந்தது. துலேகெனின் தொடைக்குப் பக்கத்தில் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். மறுபடி மெல்ல இறக்கினான்.

"அண்ணே, அசையாதீங்க. கராகுர்த்."

கராகுர்த் என்பது எங்கள் மணலில் இருக்கிற கறுப்புச் சிலந்தி. ஜூன் மாதம் அதற்கு நடை காலம். அது கடித்து ஒட்டகம் செத்ததைப் பார்த்தவர்கள் உண்டு. துலேகென் எழுந்ததை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்தார், பிறகு ஜீப்பில் இருந்தார், இடையில் ஒன்றும் நடக்கவில்லை. காவலருக்குப் பார்வை முழுசாகத் திரும்பி, எல்லோருக்கும் முன்னால் ஓடினார். பூட்ஸ் போட்டவன் ஒரு பூட்ஸை விட்டுவிட்டு ஓடினான். கதவுகள் சாத்தின சத்தத்தோடு பாட்டும் செத்தது. பறவைகள் நம் பிள்ளைகள் என்று சொன்ன உதடுகள் எங்களைப் பெற்ற தாய்களைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே மணலைக் கிளப்பிக்கொண்டு போய் மறைந்தன.

ஜிபெக் ஒரு குடம் தண்ணீரை நெருப்பில் கவிழ்த்தாள். புகை அடங்கியது. இருட்டு வந்து தோப்பில் உட்கார்ந்தது. புருஷனும் பெண்டாட்டியும் கம்பளத்தில், கன்னமும் காதும் போன ஆட்டுத்தலைக்கு இரண்டு பக்கமும், மூச்சுவிடாமல் இருந்தார்கள். இறக்கைச் சத்தம் கேட்கவில்லை. ஆந்தைக்கு அது கிடையாது. பொந்துக்குள் சீற்றம் திடீரென்று பெருகி, சண்டை மாதிரி ஆகி, பிறகு வாய் நிறைந்த மௌனம் ஆனது.

அடுத்த நாளே கூட்டம் இன்னும் பெருகியது. 'தாய்மையின் பார்வை' அந்த மரத்தை உலகத்துக்கே காட்டிக்கொடுத்திருந்தது. கேமரா கழுத்தில் தொங்க ஒரு வெளிநாட்டுக் கூட்டம் வந்தது. மொழிபெயர்க்க நகரத்துப் பெண் ஒருத்தியும் கூட வந்திருந்தாள். தூரத்தில் ரொட்டி வேன் நின்றுகொண்டிருந்தது. சல்தனத் தன் ஆட்களுக்கு ஒரு புறாவைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

மெய்ராம் வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். கையில் கட்டை இல்லை. மரத்துக்கு எட்டத்திலேயே நின்றான். அதற்கு முதுகைத் திருப்பிக்கொண்டான். ஜிபெக் கொடுத்தனுப்பிய பிளாஸ்கைத் திறந்து, கிண்ணத்தில் தேநீரை ஊற்றினான்.

"இந்த மரத்துல ஒண்ணும் இல்ல" என்றான்.

மொழிபெயர்க்கிற பெண் கைப்பேசியையும் மரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "இதே மரந்தான் அண்ணே படத்துல இருக்கு. ஆந்தையப் பாக்காம இங்கேர்ந்து ஒருத்தர்கூடத் திரும்பிப் போனதில்லன்னு வழியெல்லாம் சொன்னாங்களே."

அவனுக்குப் பின்னால் உயரத்தில் பால் பொங்குகிற சத்தம் லேசாகக் கேட்டது. மெய்ராம் பலமாகத் தொண்டையைச் செருமினான்.

"எவனாவது வாய்ச்சவடால்காரன் சொல்லியிருப்பாம்மா" என்றான். "அந்தப் பக்கம் புறா நல்லா இருக்கும். வாங்க."

தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டு, தூரத்தில் ரொட்டி வேனுக்குப் பக்கத்திலிருந்து ஒருத்தி தன்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்ததும், அவன் வானத்தைப் பார்த்தான்.